72 மணி நேரம்

2022 ஜனவரி 16, காணும் பொங்கல். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு வேறு. தமிழக–கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச் சாவடியில் எனக்குக் காலை ஷிப்ட். மற்ற வருஷங்களில் அந்த நாளில் கட்டுச்சோற்றோடு வேன்கள் வரிசைகட்டி நிற்கும் சாலை அது. அன்று எஸ் வளைவிலிருந்து ஒரு பால் வண்டியும் ஆம்புலன்ஸும் இறங்கி வந்தன, அவ்வளவுதான். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு அண்ணாச்சி, "சார், அந்த டென்னிஸ்காரரைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்றார்.

ஜோகோவிச்சைத்தான் சொன்னார். தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல், டிசம்பரில் தொற்று வந்து குணமானதைக் காட்டி விலக்கு வாங்கி, ஆஸ்திரேலிய ஓப்பன் ஆட ஜனவரி 5 இரவு மெல்போர்னில் இறங்கியவர். விசாவை ரத்து செய்தார்கள். 10-ஆம் தேதி நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 14-ஆம் தேதி அமைச்சரே மறுபடி ரத்து செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, அமைச்சர் செய்தது செல்லும் என்றார்கள்.

"நம்ம சாவடியா இருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றார் ஏட்டு. சிரித்தேன். ஆனால் அந்தச் செய்தியில் ஒரு சின்ன விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய பயணப் படிவத்தில், முந்தைய 14 நாளில் வேறு எங்கும் போகவில்லை என்று குறித்திருந்தது. ஆனால் இடையில் அவர் ஸ்பெயினில் இருந்திருக்கிறார். படிவத்தை நிரப்பியது தன் ஏஜென்ட் தரப்பு, அது கைத்தவறு என்று அவர் விளக்கம் கொடுத்தார். கைத்தவறாகவே இருக்கட்டும். வண்டி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு, ஆதாரில் உள்ள பெயரும் பாஸில் உள்ள பெயரும் ஒத்துவரவில்லை என்று எத்தனை பேரை இந்தக் கையால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் படிவங்களை நிரப்பியதும் வேறு ஆட்கள்தான். பிரவுசிங் சென்டர் பையன்கள். ஒரு படிவத்துக்கு 50 ரூபாய்.

நான் சுகாதார ஆய்வாளர். 2020 ஏப்ரலில் என்னை இந்தச் சாவடிக்கு ஷிப்ட் முறையில் போட்டார்கள். தென்காசி மாவட்டம் உருவானது 2019 நவம்பர் 22-இல். புது மாவட்டத்துக்கு மேஜை நாற்காலி முழுசாக வந்து சேரும் முன்னால் கொரோனா வந்து சேர்ந்துவிட்டது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில், அதாவது கேரளப் பக்கம்தான் இருந்தது. பெண் கொடுத்தது, எடுத்தது, கடை வைத்தது எல்லாம் இப்போதும் புனலூர், கொல்லம் பக்கம்தான். எல்லை என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மார்ச்சில்தான் உறைத்தது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகள் மட்டும் நிற்கவில்லை. கத்தரிக்காய்க்குப் பாஸ் கேட்கவில்லை.

மனிதர்களுக்கு இ-பாஸ். அதில் காரணம் என்று நாலே நாலு இருந்தது என் நினைவில்: திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் இறப்பு, ஊர் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டவர்கள். 2020 ஜூலையில் ஒரு அக்கா வந்தார். கேரளத்தில் ஆரியங்காவு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. அம்மா கடையநல்லூரில் சாகக் கிடக்கிறார். மருத்துவ அவசரம் என்று போட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டிருக்கிறது. கிழவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தானே சீட்டு? வீட்டுத் திண்ணையில் கிடப்பதற்கு யார் சீட்டு தருவார்கள்?

"சார், அம்மா இன்னும் சாகல. செத்தப்புறம் வந்தா விடுவியளா?"

கேலியாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்லாமல், தாசில்தார் ஆபீஸ் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பாஸோடு வந்தார். 'இறப்பு' என்ற பிரிவில் சீக்கிரமே கிடைத்துவிட்டதாம்.

அந்த வருஷம் செப்டம்பர் 19-இல் ஐபிஎல் ஆரம்பித்தது, ஐக்கிய அரபு அமீரகத்தில். இரவு ஷிப்டில் எல்லோரும் செல்போனில் பார்ப்போம். "ஆரியங்காவு போக நமக்கு வழியில்ல, இவனுவ துபாய் போய் ஆடுறானுவ" என்று ஒரு கான்ஸ்டபிள் தம்பி தினமும் தவறாமல் புலம்புவான். புலம்பிவிட்டு, அடுத்த ஓவரில் கைதட்டுவான். நானும் அவன் கட்சியில்தான் இருந்தேன். அப்புறம் தொழில்முறையில் யோசித்துப் பார்த்தேன். போய் இறங்கியதும் ஆறு நாள் அறைக்குள் அடைப்பு. அதில் முதல் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் பரிசோதனை. பிறகு தொடர் முடியும் வரை ஓட்டல், மைதானம், ஓட்டல். இதில் பாதியைக்கூட எங்கள் வட்டாரத்தில் வீட்டுத் தனிமை ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வீட்டிலும் நான் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் வாசலில் இருக்கும், ஆள் பின்வாசல் வழியாக டீக்கடையில் இருப்பார். குமிழி என்று அவர்கள் சொன்னது எங்களுடையதைவிடக் கடுமையான தனிமைதான், சந்தேகமே இல்லை. அதற்குள்ளும் சென்னை அணியில் இரண்டு வீரர்கள் உட்பட 13 பேருக்குத் தொற்று வந்தது.

கிரிக்கெட் வீரர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துப் பாருங்கள். அவர் ஐபிஎல்லில் ஆடிக்கொண்டிருக்கும்போது ஊரில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே ஆஸ்திரேலியா போனார். டிசம்பரில் ஒருநாள், டி20, ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமாகி, ஜனவரி கடைசியில்தான் வந்து குழந்தையைப் பார்த்தார். ஊரே தேரில் வைத்துக் கொண்டாடியது. சலுகை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சம்பளமும் புகழும் கிடைத்தன, உண்மை. பால் வெட்டும் அக்காவுக்கு மூன்று நாள் கூலி போனது, அதுவும் உண்மை.

பணமும் பெயரும் உள்ளவனுக்கு எல்லாக் கதவும் திறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2021 மே 4-இல் ஐபிஎல்லைப் பாதியில் நிறுத்தினார்களே, அப்போது இந்தியாவிலிருந்து வரும் சொந்தக் குடிமக்களையே ஆஸ்திரேலியா உள்ளே விடவில்லை. மீறி வந்தால் ஐந்து ஆண்டுவரை சிறை என்று சட்டம். அந்த நாட்டுக் கிரிக்கெட் வீரர்கள் மாலத்தீவில் போய்க் காத்திருந்தார்கள். ஆனால் அதே நாடு நாலு மாதம் முன்னால், ஆஸ்திரேலிய ஓப்பனுக்காக வாடகை விமானங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இறக்கியது. அப்போதும் சொந்த மக்கள் பல்லாயிரம் பேர் டிக்கெட் கிடைக்காமல் வெளிநாட்டில் கிடந்தார்கள். விமானத்தில் யாருக்கோ தொற்று என்று 72 ஆட்டக்காரர்களை 14 நாள் அறையை விட்டே வெளியே விடவில்லை. மற்றவர்களுக்குத் தினம் ஐந்து மணி நேரம் பயிற்சிக்கு அனுமதி. அந்த 72 பேரில் சிலர் மெத்தையைச் சாய்த்துவைத்துப் பந்தடித்துப் பழகிய வீடியோக்களை எங்கள் பந்தலில் எல்லோரும் பார்த்தோம். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

72 என்ற எண்ணுக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து வருபவர்கள் இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்றோ காட்ட வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவு. ஓணம் முடிந்த வாரம் அங்கே ஒரு நாள் தொற்று 30,000-ஐத் தாண்டியது. எங்களுக்கு மேலிருந்து நெருக்கடி. குற்றாலத்தில் சாரல் அடித்து அருவி கொட்டியது, குளிக்கத்தான் ஆளை விடவில்லை. சாவடிப் பந்தலில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

காலை ஏழு மணி இருக்கும். அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். கொட்டாரக்கரையில் டீ மாஸ்டர். கடையம் பக்கத்தில் பேத்திக்குக் காது குத்து, தாய்மாமன் இல்லாததால் தாத்தா மடியில்தான் உட்கார வேண்டுமாம். ஒரு தவணை தடுப்பூசி போட்டிருந்தார். அடுத்ததற்கு 84 நாள் ஆகவேண்டும், ஆகவில்லை. 500 ரூபாய் கொடுத்து எடுத்த டெஸ்ட் சான்று கையில் இருந்தது. மாதிரி எடுத்த நேரத்தைக் கணக்குப் போட்டேன். 76 மணி நேரம். முந்தின நாள் மழையில் பஸ் கிடைக்கவில்லை என்றார். முடியாது என்றேன். என்னிடம் வாதாடவில்லை. சான்றை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு வேன். விளையாட்டு வீரர்கள், பத்துப் பதினைந்து பேர், ஒரே மாதிரி டிராக் சூட். மேனேஜர் ஒரு ஃபைலோடு இறங்கினார். பெயர், வயது, தடுப்பூசி, டெஸ்ட் நேரம் என்று அழகாக அட்டவணை போட்ட காகிதம், லெட்டர்பேடில் கடிதம், அதில் முத்திரை. மூன்று பேருடைய சான்றுக்கு நேரம் கடந்திருந்தது. 75 மணி நேரமோ என்னமோ. நான் வாய் திறக்கும் முன் மேனேஜர், "ஒரு நிமிஷம் சார்" என்று போனை எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் எனக்குப் போன் வந்தது. திட்டவில்லை, மிரட்டவில்லை. "கொஞ்சம் பார்த்து விட்ருங்க, போட்டி இருக்கு" என்றது குரல். விட்டேன்.

வீரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தப் பையன்களில் ஒருவன், வண்டி கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான். போட்டியே இல்லாமல் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். 1934-இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையே 2020–21 பருவத்தில் முதல்முறையாக நடக்கவில்லை என்றால், எங்கள் பக்கத்து வாலிபால், கபடிப் பையன்களைச் சொல்லவா வேண்டும்? சான்றிதழ் இல்லாமல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு போனது, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில் வயதும் போனது. அவர்களுக்காக எந்தப் போனும் வரவில்லை.

விதியில் பார்த்தால் வேனும் பெரியவரும் ஒன்றுதான். வைரஸுக்கு 72-வது மணிக்கும் 76-வது மணிக்கும் வித்தியாசம் தெரியாது. மாதிரி எடுத்த மறுநிமிஷமே தொற்று வரலாம். எங்கேயோ ஒரு கோடு போட வேண்டும், போட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நாலு மணி நேரம் நெகிழ்ந்துகொடுக்க எனக்கு இடம் இருந்தது. பெரியவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. மேனேஜருக்குத் தெரியும். கேட்பதுதான் அவர் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வேன் போனபிறகு பதிவேட்டில் அந்த மூன்று பேருக்கு எதிரே 'சரி' என்று எழுதினேன். மேலே, ஏழு மணி வரிசையில், 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்தார். புது டெஸ்ட், புது 500 ரூபாய். காது குத்து முந்தின நாளே முடிந்திருந்தது. பிள்ளையையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போங்க ஐயா என்று கைகாட்டினேன். அவர் நகரவில்லை. மடிப்பு விழாத அந்தக் காகிதத்தை என் முன்னால் நீட்டி, "நேரத்தைப் பாத்துக்கிடுங்க சார்" என்றார்.

பார்த்தேன். 22 மணி நேரம்தான் ஆகியிருந்தது.