திருகோணமலையில் தங்குமிடம்: நகரமா, உப்புவெளியா, நிலாவெளியா?

சென்ற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து ஆறு பேராகத் திருகோணமலைக்குப் போவதென்று முடிவானபோது, நல்ல விடுதியொன்றைப் பிடிப்பது மட்டுமே வேலை என்றும், அது எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பது யோசிக்க வேண்டிய விடயமே அல்ல என்றும் நான் நினைத்திருந்தேன். படங்களில் பார்த்த நிலாவெளி மணல்தான் என் மனத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கும் அதுவே விருப்பம். அம்மாவோ, திருகோணமலை மண்ணை மிதித்துவிட்டுக் காலைப் பூசைக்குக் கோணேசர் கோவிலில் நிற்காமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

நிலாவெளி நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். விடியுமுன் அங்கிருந்து ஓட்டோ பிடித்து, கோவில் இருக்கும் பிரட்ரிக் கோட்டைக்கு வந்து, பூசை முடிந்து திரும்பினால் ஒரு காலைக்கு 30 கிலோமீற்றர் ஆகிறது. புல்மோட்டை வீதியில் நகரத்துக்குப் பேருந்துகள் ஓடுகின்றன என்றாலும், இருட்டில் வீதியோரம் காத்து நிற்க எழுபத்தைந்து வயது அம்மாவைச் சம்மதிக்க வைப்பது என்னால் ஆகாது.

இதையெல்லாம் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்துவிட்டேன். 'நிலாவெளி, கடற்கரைக்கு 300 மீற்றர்' என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த ஒரு வீட்டுக்கு, ஆகஸ்டில் இடம் கிடைக்காது என்ற பயத்தில், அரைவாசிப் பணத்தை முற்பணமாக அனுப்பிவிட்டேன். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை: தென்மேல் பருவக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால், மே முதல் செப்டெம்பர் வரை சனம் முழுவதும் இங்கேதான் வருகிறது. திருகோணமலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் எனக்காக நேரில் போய்ப் பார்த்தார். வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்தது. 300 மீற்றர் என்பது காகம் பறக்கும் தூரம். நேரே கடலுக்குப் போக முடியாதபடி ஒரு பெரிய விடுதியின் மதில் மறித்ததால், சுற்றிப்போக இருபது நிமிடம் நடக்க வேண்டும் என்றார். முற்பணம் திரும்பி வரவில்லை. அதன் பிறகு நான் கேட்ட முதற்கேள்வி, எந்த விடுதியிடமும், "வீட்டு வாசலிலிருந்து மணல் வரை எந்தப் பாதையால் நடப்பது?" என்பதுதான்.

நண்பர் உப்புவெளியைச் சொன்னார். நகரத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர்தான். கடலும் உண்டு, ஓட்டோவும் எந்நேரமும் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டவருக்கான சாப்பாட்டுக்கடைகளும் இரவு இசையும் அங்கே அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்ட என் மனைவி, அம்மாவின் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். நடுவில் இருக்கும் இடம் கோவிலுக்கும் முழுதாக அருகில்லை, நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவு என்ற சிறு தீவுக்கும் முழுதாக அருகில்லை என்று வாதாடி நானும் அதைத் தள்ளிவிட்டேன்.

கடைசியில் தங்குவதை இரண்டாகப் பிரித்தோம்: முதல் இரண்டு இரவு நகரத்தில், அடுத்த இரண்டு இரவு நிலாவெளியில். மூட்டை முடிச்சை ஒருமுறை கூடுதலாகக் கட்டவேண்டி வந்தாலும், இந்த வரிசை எங்களுக்குச் சரியாகவே அமைந்தது. வவுனியாப் பேருந்து நகரத்தில்தான் இறக்கிவிடுகிறது. கோட்டைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், டச்சுக் குடாப் பக்கமாக, குளிரூட்டி இல்லாத சாதாரண அறைகள் இரண்டு கிடைத்தன. இரண்டு காலையும் அம்மா பூசை பார்த்தார்; பிரட்ரிக் கோட்டைக்குள் ஆள் பயமின்றி மேயும் புள்ளிமான்களைக் கண்ட பிள்ளைகள் நிலாவெளி என்ற பெயரையே ஒரு நாள் எடுக்கவில்லை. பின்னேரத்தில் டச்சுக் குடாக் கரையில் ஊர்ச்சனம் கூடும். கச்சான் கொறித்துக்கொண்டு இருக்க அது நல்ல இடம், ஆறுதலாகக் குளிப்பதற்கு அல்ல. ஒரு மத்தியானம் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்துவிட்டு வந்தோம்.

நிலாவெளியில் இம்முறை கடலோடு ஒட்டிய விடுதி. புறாத்தீவுக்கான படகுகள் அந்தக் கரையிலிருந்தே புறப்படுவதால், சனம் சேருமுன் காலையிலேயே போய், முருகைக்கற்களுக்கு மேலே மிதந்து மீன் பார்க்க முடிந்தது. உப்புவெளியிலிருந்தும் படகு உண்டு, ஆனால் கடலில் போகும் நேரம் கூட. நிலாவெளியில் நாங்கள் எதிர்பாராத தொல்லை சாப்பாடு. மலிவான கடைகள் எங்கள் விடுதிக்குக் கிட்ட இல்லை. விடுதிச் சாப்பாடு ஆறு பேருக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டாம் நாள் பாணும் சம்பலும் வாழைப்பழமுமாகச் சமாளித்தோம். நகரத்தில் இருக்கும்போதே சாமான்கள் வாங்கி வந்திருக்க வேண்டும்.

திரும்பும் நாளில் உப்புவெளியில் ஓட்டோவை நிறுத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினோம். இசையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கரைவலை இழுத்து முடித்தவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். சோறும் மூன்று மரக்கறியும் தரும் சிறிய கடையொன்று வீதியோரத்திலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டு மணலில் வந்து நின்ற அம்மா, குடாவுக்கு அப்பால் தெற்கே தெரிந்த கோணேசர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "தம்பி, இங்கேயே தங்கியிருக்கலாமே" என்றார்.