பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் வந்த ஆறு இலக்கம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இது கொஞ்சம் வருமானம், நிறையப் பேச்சுத்துணை. போன ஜூலையில் ஒரு காலை, சென்னையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், நீங்கள் கேட்டபடி 4,500 ரூபாய் அனுப்பிவிட்டேன். இ-பாஸ் இன்னும் வரவில்லையே?"

இ-பாஸுக்குக் காசே கிடையாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். இணையத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். இதை விருந்தினர் ஒவ்வொருவருக்கும் நானே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது வழக்கம். திருடன் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறான். அதன் அடியிலேயே, என் முகவரியிலிருந்தே, "பாஸ் கட்டணமும் முன்பணமும்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறான். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தேன். முதல் நாள் இரவே கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது.

என் சந்தேகம் உடனே யார்மேல் போனது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எங்கள் மதிலோரம் வண்டி நிறுத்தும் ஜீப் ஓட்டுநர்கள். மழை பெய்தால் அவர்கள் எங்கள் வைஃபையில்தான் படம் பார்ப்பார்கள். இரண்டு, பக்கத்து வீட்டுப் பையன். கோவையில் கணினி படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். கணினி படிக்கிறான் என்பது மட்டுமே அவன்மீது எனக்கிருந்த சாட்சியம்.

சென்னைக்காரரை முதலில் இணையப் பண மோசடிகளுக்கான அரசு உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொன்னேன். பணம் இழந்தவர் அவர் என்பதால் புகாரும் அவரே கொடுப்பதுதான் சரி. 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், வங்கியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்துகொண்டார்களாம். பணம் கைமாறிக் கைமாறிக் கரைவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற காரியம் இல்லை.

என் கணக்கை மீட்கும் வேலையில் நான் செய்த முட்டாள்தனம், பதற்றத்தில் கடைவீதிக் கணினி மையத்துக்கு ஓடியது. நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் "உங்களை உறுதிப்படுத்த இயலவில்லை" என்ற பதில்தான். வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்து, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முயன்றால்தான் கூகுள் எளிதில் நம்பும் என்பது அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து, என் பழைய மடிக்கணினியில் மறுபடி தொடங்கினேன். மீட்புக்கான தொலைபேசி எண்ணையும் திருடன் மாற்றியிருந்தான். ஆனால் அப்படி மாற்றினாலும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு கேட்டுப்பெற வழி வைத்திருக்கிறார்கள். நல்ல வேளை, நான் இரண்டாம் நாளிலேயே விழித்துக்கொண்டேன்.

குறியீடு வரவேண்டுமே! எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. தோட்டத்துக் கோடியில் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் நின்றால்தான் கிடைக்கும். குடையும் கைப்பேசியுமாக நான் அங்கே நிற்க, வந்த ஆறு இலக்கத்தை உரக்கக் கத்த, வீட்டுக்குள் கணவர் தட்டச்சு செய்தார். முதல் முறை 6-ஐ 9 என்று கேட்டுத் தொலைத்தார். இரண்டாம் முறை கதவு திறந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அவன் அம்மா அனுப்பியிருக்கிறார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"டீச்சர், வடிகட்டிகளைப் பார்த்தீர்களா?" என்றான். அமைப்புகளுக்குள் போய்க் காட்டினான். விருந்தினரின் பதில் எது வந்தாலும் என் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படி ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கும். அதை அழித்து, மற்றெல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, எனக்குத் தெரியாத மீட்பு எண்ணை நீக்கினோம்.

பிறகு 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் என் முகவரியை இடச் சொன்னான். ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கியது. களவுபோன தரவுத் தொகுப்புகளில் நம் முகவரி இருக்கிறதா என்று சொல்லும். இருந்தது. என்றோ ஒரு சேலை வாங்கி, பிறகு மறந்தே போன ஒரு கடையின் தளம்.

"அங்கேயும் இதே கடவுச்சொல்தானா?"

அங்கேயும் அதேதான், எங்கேயும் அதேதான். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்திருப்பான் என்றான் பையன். ஓட்டுநர்களை நினைத்துக்கொண்டேன். பையனுக்கு இன்னொரு தம்ளர் தேநீர் ஊற்றினேன்.

ஆனால் வைஃபையும் யோக்கியமாக இல்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த 192.168.1.1 என்ற முகவரிக்குப் போனால், உள்ளே நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்', 'அட்மின்'. மாட்டிவிட்டுப் போன கேபிள்காரர் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று விருந்தினர் யாரும் இல்லை, வீட்டில் இருப்பது மூன்று கருவிகள். இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில் பதினொன்று இருந்தன. வைஃபை கடவுச்சொல்லோ கூடத்துப் பலகையில், பூ வரைந்து, என் கையெழுத்திலேயே தொங்கியது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணை இட்டே வைஃபையில் இணையவிடும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியைப் பையன் முதலில் அணைத்தான். அதன் 8 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டும். முதல் பாதி சரியா, மறு பாதி சரியா என்று பெட்டி தனித்தனியே சொல்லிவிடும். அதனால் ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும். இந்த ஓட்டை 2011-லேயே வெளியானது. வைஃபையில் போய்வருவதை வெளியார் படிக்காமல் காக்கும் குறியாக்கத்தை டபிள்யூபிஏ2 என்ற முறைக்கு மாற்றினோம். அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 என் பழைய கைப்பேசிக்குப் புரியாது. விருந்தினருக்கென்று தனி நெட்வொர்க், தனிக் கடவுச்சொல்.

மின்னஞ்சலுக்கு இரண்டாவது பூட்டாக, 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலியைப் போட்டுக்கொண்டேன். அது கைப்பேசியின் கடிகாரத்தை வைத்தே கணக்கிடுகிறது. சிக்னல் வேண்டாம், மரத்தடிக்குப் போகவும் வேண்டாம். கைப்பேசி தொலைந்தால் பயன்படுத்த, ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் செல்லும் 10 மாற்றுக் குறியீடுகள் தந்தார்கள். இந்த மூடுபனியில் மை ஊறிவிடும் என்று பென்சிலால் எழுதி, ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். மற்ற தளங்களின் கடவுச்சொற்களை மாற்ற எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின. பாதியைத் திறக்கும்போதுதான் இப்படியொரு கணக்கு இருப்பதே நினைவுக்கு வந்தது.

பணம் போய்ச் சேர்ந்த கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் சென்னைக்காரருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. 4,500 இன்னும் திரும்பவில்லை. டிசம்பரில் வரும்போது அறை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மறுவாரம் நல்ல மழை. ஓட்டுநர் ஒருவர் கேட்டருகே வந்து நின்றார். "டீச்சரம்மா, நெட் வரவில்லையே, ஏதும் கோளாறா?" என்றார். கோளாறு இல்லை என்றேன். விருந்தினர் நெட்வொர்க்கின் கடவுச்சொல்லைச் சொல்லி, மாதம் பிறந்தால் மாறும், வந்து கேளுங்கள் என்றேன். "பழையபடி பலகையில் எழுதிவிடலாமே" என்றார்.

பலகையில் இப்போது பூ மட்டும் இருக்கிறது.