மூன்றாம் கிரேடில் ஒலிக்காத சுரங்களும், பிறகு வாங்கிய டிஜிட்டல் பியானோவும்

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் பியானோத் தேர்வில் மூன்றாம் கிரேடுக்கு, அதாவது மூன்றாம் நிலைக்கு, அமர்ந்தபோது எனக்கு வயது 41. அதுவரை வீட்டில் பயிற்சி செய்தது, விரல் பட்டாலே அமிழ்ந்துவிடும் 61 கட்டைகள் கொண்ட சாதாரண கீபோர்டில். தேர்வறையில் இருந்ததோ அப்ரைட், அதாவது தந்திகள் செங்குத்தாக அமைந்த உண்மையான பியானோ. இரண்டாவது உருப்படியின் நடுவே, மிக மென்மையாக வாசிக்க வேண்டிய நான்கு பார்கள் (தாளப் பகுதிகள்) வந்தன. வீட்டில் வைக்கும் அதே மென்மையோடு விரலை வைத்தேன். கட்டை கீழே போனது, ஒலி வரவில்லை. அடுத்த சுரமும் அப்படியே. பதற்றத்தில் அழுத்திய மூன்றாவது சுரம் அறை அதிர ஒலித்தது. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் அதற்கு அடுத்த உயர்தரமான மெரிட். எனக்கு வந்தது 71. அந்த நான்கு மதிப்பெண் எங்கே போனது என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

உண்மையான பியானோவில் கட்டையை அழுத்தும்போது அதன் மறுமுனையில் ஒரு சுத்தியல் தந்தியை நோக்கி எறியப்படுகிறது. கட்டை மிக மெதுவாக இறங்கினால் சுத்தியல் தந்தியைத் தொடாமலே திரும்பிவிடும். நடுப்பகுதிக் கட்டை ஒன்றை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும்; கீழ்ச்சுரங்களில் இன்னும் சற்று அதிகம். என் பழைய கீபோர்டில் ஒரு சிறு ஸ்பிரிங்கைத் தவிர விரலை எதிர்க்க எதுவுமில்லை. டிரினிட்டியில் ஒவ்வோர் உருப்படிக்கும் உரிய 22 மதிப்பெண்ணில் பிழையின்றித் தடையின்றி வாசிப்பதற்கு 7, நுட்பத்துக்கு 7, வெளிப்பாட்டுக்கு 8 என்று பிரித்திருக்கிறார்கள். விரலின் கட்டுப்பாடு தளர்ந்தால் பின்னிரண்டும் சேர்ந்தே அடிவாங்கும்.

கடற்கரைக்கு அருகே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எனக்கு, உப்புக்காற்றில் அப்ரைட் ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இருமுறை டியூனரை அழைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே 50,000 ரூபாய்க்குள் டிஜிட்டல் பியானோ என்று முடிவு செய்தேன். முதலில் போன கடையில், "இதில் 600 டோன் இருக்கு சார், நீங்க கேக்கறதுல வெறும் 10தான்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்ன கணக்கு சரிதான். நான் கேட்ட யமஹா பி-45இல் இருப்பது 10 டோன்களே, அதாவது 10 வகை வாத்திய ஒலிகளே. ஆனால் தேர்வுக்குத் தேவைப்படுவது அவற்றுள் ஒன்று மட்டும்தான். கொடுக்கும் பணம் ரிதம்களுக்கும் டோன்களுக்கும் போகாமல் கட்டைகளுக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் இந்த விலையில் செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனம். 88 கட்டைகள், சுத்தியல் பொறிமுறையோடு கூடிய முழு எடை, தனி பெடல் செருகும் வசதி ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். 'டச் சென்சிட்டிவ்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை 'வெயிட்டட்', அதாவது எடையுள்ள கட்டை, என்று எண்ணிவிடக் கூடாது. வேகமாக அழுத்தினால் சத்தம் கூடும் என்பதற்கு மேல் 'டச் சென்சிட்டிவ்' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

யமஹா பி-45, அதன் இடத்துக்கு வந்த பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110 ஆகியவையே நான் ஒப்பிட்டவை. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை எஃப்பி-10இல் 96, மற்றவற்றில் 64. ஐந்தாம் கிரேடு வரையிலான உருப்படிகளுக்கு 64 போதும். கேசியோவை ஆறு பேட்டரி செல்களிலும் இயக்கலாம் என்பது மின்தடை உள்ள ஊர்களில் சிறிய விஷயமல்ல. ஆனால் எஃப்பி-10இன் கட்டையை மெதுவாக இறக்கும்போது, அடியை நெருங்கும் இடத்தில் ஒரு மெல்லிய தடை விரலுக்குத் தட்டுப்படும். எஸ்கேப்மென்ட் எனப்படும் அந்தத் தடையை நான் தேர்வறை அப்ரைட்டில் ஏற்கெனவே உணர்ந்திருந்ததால், கையில் இருந்த பணத்துக்குச் சற்று மேலே போய் அதையே வாங்கினேன்.

கடையில் சோதிக்கும்போது தெரிந்த பாட்டை வாசித்து மயங்க வேண்டாம். ஒரே கட்டையைப் பத்து முறை, ஒலிக்கும் ஒலிக்காது என்ற எல்லையில் அழுத்திப் பாருங்கள். பிறகு விரலை உட்புறம் நகர்த்தி, கறுப்புக் கட்டைகளுக்கு இடையே வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். மலிவான கருவிகளில் அங்கே கட்டை இரும்பாய்க் கனக்கும், மூன்று கறுப்புக் கட்டைகள் வரும் ஸ்கேலில் இது உடனே தெரியும். பழைய கருவி வாங்குவதாக இருந்தால் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மென்மையாக அழுத்த வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் திடீரென்று உரக்க ஒலித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தொடுபகுதி தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது என்று பொருள்.

கூடவே வரும் தீப்பெட்டி போன்ற பெடல் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பியானோப் பெடல் வடிவில் உள்ளதைத் தனியாக வாங்கி, அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆடும், முழங்காலிலும் இடிக்கும். என் மேசைத் தச்சர் செய்து தந்த மரத்தாங்கி அதைவிட மலிவாகவே முடிந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். கட்டைகள் அடியில் மோதும் 'டொக் டொக்' ஓசை தரை வழியே இறங்குவதாகக் கீழ்வீட்டு அம்மா வந்து சொன்ன பிறகு, தாங்கியின் கால்களுக்குக் கீழே கம்பளத் துண்டுகளை மடித்து வைத்து, இரவு பத்து மணிக்கு மேல் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

விரலின் அழுத்தத்துக்குக் கருவி எவ்வளவு எளிதில் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தொடுதிறன் அமைப்பை 'லைட்'டில் வைக்காதீர்கள். வீட்டில் சுகமாக இருக்கும், தேர்வறையில் பழைய கதைதான். டிரினிட்டியைப் போன்ற மற்றோர் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் 2020இல் தொடங்கிய, காணொளி வழியாக நடக்கும் பெர்ஃபாமன்ஸ் கிரேடு தேர்வுகளில் முழு எடைக் கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவிலேயே வாசிக்கலாம். நேரடித் தேர்வுக்குப் போவோர் கடைசி இரண்டு வாரங்களில் மூன்று முறையாவது ஓர் அப்ரைட்டில் அமர வேண்டும். நான் ஆசிரியர் வீட்டில் அமர்ந்தபோது, கைகளைவிட இருக்கையின் உயரமே என்னை அதிகம் குழப்பியது. வீட்டில் முழங்கை கட்டைகளுக்கு நேராக இருந்தது, அங்கே இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. நான்காம் கிரேடுத் தேர்வறையில் உட்கார்ந்ததும் இருக்கையைச் சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். நான் திருகை நான்கு சுற்று சுற்றி முடிக்கும் வரை காத்திருந்தார்.