அட்டையில் மிச்சம் 50

மே 6, 2024, திங்கள்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். பையை நேற்று ராத்திரியே கட்டி வைத்துவிட்டேன். பிரஷர் மிஷின், சுகர் மிஷின், ஸ்ட்ரிப் டப்பா, ஊசி, பஞ்சு, பெயர் எழுதிய கவர்களில் மாத்திரைகள். ஆறரைக்கெல்லாம் முதல் வீட்டில் நிற்கணும். எட்டு மணி தாண்டினால் எங்கள் ஊரில் பெண்களைப் பிடிக்க முடியாது, முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விடுவார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர் எங்களுடையது. நான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர், வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின திட்டம். எங்கள் பக்கம் வந்தபோது மகளிர் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள். ஊருக்குள் என் பெயர் இப்போது ‘மாத்திரைக்காரப் பொண்ணு’.

இன்று பிளஸ் டூ ரிசல்ட். பிள்ளையின் மார்க்குக்காகக் காத்திருக்கிற அம்மாவுக்கு பிரஷர் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. நான்கு வீட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தேன். நான்கு வீட்டிலும் பாஸ்.

மே 7, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்தேன். எழுதி வைக்கிறேன், வேறு ஊர்களில் இதே வேலை பார்க்கிறவர்கள் படிக்கட்டும்.

ரோட்டோரம் பலாச்சுளை விற்கிற அத்தைக்கு சுகர் வந்து ஆறு வருஷம். ஒரு காலத்தில் சொந்தத் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறினபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன. இப்போது அடுத்தவர் தோப்புப் பழத்தை வாங்கி, அறுத்து, சுளையாக விற்கிறார். நான் போன நேரம் பாதிப் பழம் மடியில் கிடந்தது. பிசின் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவியிருந்தார். “சீக்கிரம் பாரு கண்ணு, பண்ருட்டி பஸ் வந்தா ஆளு இறங்கும்” என்று கையை நீட்டினார்.

ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தேன். காயவிட்டேன். குத்தினேன். 412.

கை நடுங்கியது எனக்குத்தான். “அத்தை, நானூத்திப் பன்னிரண்டு!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மருமகள் ஓடிவந்தாள். ஜிப்மருக்கு ஆட்டோ பேசப் போனைக் கையில் எடுத்துவிட்டாள். அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. “நேத்து ஒரு டம்ளர் டீதான சர்க்கரை போட்டுக் குடிச்சேன்” என்று அழுகிற குரலில் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் வேறு வந்து, சுகர் நானூறு தாண்டினால் என்னென்ன ஆகும் என்று ஆரம்பித்தார்.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “கையை சோப்புப் போட்டுக் கழுவினாங்களா?”

குடத்துத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். முதல் சொட்டைப் பஞ்சில் எடுத்துவிட்டு அடுத்த சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தேன். 171.

விரலில் ஒட்டியிருந்த பலாச்சாற்றின் சர்க்கரைதான் மிஷினுக்குள் போயிருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சில் அது போகாது, தண்ணீரும் சோப்பும்தான் போக்கும். பயிற்சியில் கை கழுவச் சொன்னார்கள். நான் அதைச் சுத்தத்துக்காகச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பலா சீசனில், பண்ருட்டிப் பக்கத்தில், இது தெரியாமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்! போன வருஷம் எத்தனை பேர் நோட்டில் தப்பான எண் எழுதினேனோ தெரியாது.

ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை. அதையும் இன்றுதான் கற்றுக்கொண்டேன். நோயாளி காதுக்கு மட்டும் சொல்லணும்.

மே 9, வியாழன்

பையில் சோப்பும் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் சேர்ந்தாயிற்று. தோளில் கனம் தெரிகிறது.

மேட்டுத் தெரு தாத்தாவின் உள்ளங்காலில் கருவேல முள், ஒடிந்து உள்ளேயே இருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. வலிக்கவில்லை என்றார். வலிக்காததுதான் எனக்குப் பயம், சுகரில் கால் மரத்துப்போயிருந்தால் இப்படித்தான். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மே 14, செவ்வாய்

சின்னம்மா முறை ஆகணும் அவர். பன்னிரண்டு வருஷமாகக் கொட்டை உடைக்கிறார். முந்திரி ஓட்டில் இருக்கிற பால் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும், எண்ணெய் தடவிக்கொண்டு உடைத்தாலும், விரல் நுனி கறுத்து, உரிந்து, மறுபடி தடித்துக் காய்ப்புக் காய்த்துவிடுகிறது. அந்த விரலில் ஊசி இறங்காது. இரண்டு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. சுண்டு விரலின் ஓரத்தில், வேலையில் அதிகம் படாத இடத்தில், வெந்நீரில் நனைத்துப் பிடித்துவிட்டுக் குத்தினதும் ஒரு சொட்டு வந்தது. வெறும் வயிற்றில் 238.

“மாத்திரை போடறீங்களா சின்னம்மா?”

“போடறேனே.”

மூன்று வருஷத்தில் யாரும் எனக்கு “போடலை” என்று பதில் சொன்னதில்லை. வீடு தேடி வருகிற பெண்ணின் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். மார்ச் 14 சாயங்காலம் 120 மெட்பார்மின் கொடுத்திருக்கிறேன், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. நேற்றோடு அறுபது நாள் முடிந்தது, ஒன்றும் மிஞ்சக் கூடாது. எண்ணினேன். 50.

மறந்து விட்டுப்போனால் இப்படி ரவுண்டாக வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ராத்திரி மாத்திரை ஒண்ணும் விடல கண்ணு. காலைலதான். போட்டா வயித்தக் கலக்குது. கொட்டகைல எங்க போறது? காட்டுக்குள்ள போவணும். ஆம்பளைங்க நிக்கிறாங்க. போய் வர்றதுக்குள்ள ரெண்டு கிலோ கூலி போயிடும்.”

வேலை இல்லாத நாளில் மட்டும் காலை மாத்திரை. அறுபது நாளில் ஞாயிறு ஒன்பது. ஓட்டுப் போட்ட ஏப்ரல் 19 ஒரு நாள் லீவு. ஆகப் பத்து. கணக்கு அப்படியே நின்றது.

காலை எட்டிலிருந்து நாலு வரை தண்ணீரும் குடிப்பதில்லையாம், அதே காரணத்துக்காக. இந்த வெயிலில்! இத்தனை நாளாக “ஒழுங்கா மாத்திரை போடுங்க” என்று அவரை அதட்டியிருக்கிறேன். ஒரு கக்கூஸ் இல்லாததற்கு அவரை அதட்டியிருக்கிறேன்.

மே 15, புதன்

சின்னம்மாவின் ஒரு நாள் கூலி போனது. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மாவிடம் அவரையே வாய் திறந்து சொல்லவைத்தேன். மெதுவாகக் கரைகிற மாத்திரையாக மாற்றி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போடச் சொன்னார். 30 மாத்திரை, மாசக் கடைசியில் திரும்ப வந்து காட்டணும். இதைப் படிக்கிற யாரும் வேளையை நீங்களாக மாற்றிவிடாதீர்கள், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் கேட்டார்: “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமா?” யாரும் கேட்கவில்லையே சின்னம்மா. நானும்தான்.

மே 20, திங்கள்

கொட்டகையில் ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லிக் கேட்கக் கொட்டகைக்காரரைப் பார்த்தேன். அண்ணன் முறை. உடைக்கிற பெண்கள் எட்டுப் பேர். குழுவிலிருந்து இரண்டு அக்காக்களும் கூட வந்தார்கள். செலவு, இடம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பொய்யில்லை, போர் போட்டும் தண்ணீர் ஏறாத மேடு அது. பேசிக்கொண்டே அவருக்கும் பிரஷர் பார்த்தேன். 168/102. வயசு 44, இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லையாம். அவர் காதுக்கு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உறை இறக்கறேன், குழி வெட்ட ஆளு நீங்க பாருங்க” என்றார். உறை என்றால் கக்கூஸ் குழிக்குள் இறக்குகிற சிமெண்ட் வளையம்.

மே 28, செவ்வாய்

கத்திரி இன்றோடு முடிகிறது என்கிறார்கள், வெயிலுக்குத் தெரியவில்லை. கொட்டகை வாசலில் மூடி போட்ட தண்ணீர்ப் பானை வந்திருக்கிறது. உறை வரவில்லை.

ஜூன் 5, புதன்

உறை மூன்று இறங்கிக் கிடக்கிறது, முந்திரி மரத்தடியில். குழி வெட்ட இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூலியில் பாதி எங்கள் குழு. கதவுக்கும் மேல் மறைப்புக்கும் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

பலா அத்தை என்னைப் பார்த்ததும் தானே எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். 164.

சின்னம்மா வீட்டுக்கு ஆறே முக்காலுக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்னால் அட்டையை எடுத்து நீட்டினார். மே 15 முதல் நேற்று வரை 21 ராத்திரி. எண்ணினேன். மிச்சம் 9. அவரும் கூடவே, கறுத்த விரலை ஒவ்வொரு மாத்திரை மேலும் வைத்து, எண்ணினார்.