ஊரைப் பார்த்து நிற்கும் முன்னோர்கள்: ஈஸ்டர் தீவில் ஒரு பயணம்

ஈஸ்டர் தீவின் மேடைகளில் உள்ள கற்சிலைகள் பெரும்பாலும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு காலத்தில் ஊர் இருந்தது. வீடுகள், மண்ணுக்குள் தோண்டிய அடுப்புகள், காற்றைத் தடுக்கக் கல்லடுக்கி வளர்த்த தோட்டங்கள் எல்லாம் இருந்தன. சிலைகள் பார்த்தது அந்த ஊரைத்தான். டோங்காரிக்கியில் வேனை விட்டு இறங்கியதும் எங்கள் வழிகாட்டி சொன்ன முதல் செய்தி இது. "இவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்கள். பிள்ளைகளைக் காவல் காக்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தானே நிற்பார்கள்?" என்றார்.

அவர் அந்த மண்ணிலேயே பிறந்த நடுத்தர வயதுப் பெண். தீவை அவர் ராப்பா நூயி என்றுதான் சொல்கிறார். ஈஸ்டர் தீவு என்ற பெயர், 1722-இல் ஈஸ்டர் ஞாயிறன்று வந்து சேர்ந்த டச்சு மாலுமி ரொக்கவேன் வைத்துவிட்டுப் போனது. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலினீசியர்கள் படகில் வந்து இங்கே குடியேறிவிட்டார்கள்.

சிலியின் தலைநகர் சாண்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல் விமானம் பறக்கிறது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் தொலைவுக்குக் கீழே வெறும் பசிபிக். பிறகு திடீரென ஒரு முக்கோணத் தீவு. பரப்பு 164 சதுர கிலோமீட்டர்தான். போய்க்கே, ரானோ காவ், தெரவாக்கா என்ற மூன்று எரிமலைகள் கக்கிய குழம்பு ஒன்றுசேர்ந்து உண்டான நிலம் இது. மூன்றும் இன்று அடங்கிக் கிடக்கின்றன. ஹங்கா ரோவா ஒன்றுதான் ஊர்.

தொல்லிடங்கள் அடங்கிய தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2017 முதல் அதை நிர்வகிப்பது மாவு ஹெனுவா என்ற பூர்வகுடிச் சமூக அமைப்பு. பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்க்காரரோ உடன் வராமல் போக முடியாது. இந்த விதியைக் கெடுபிடி என்று குறை சொல்கிற பயணிகளைச் சந்தித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலைகள் நிற்கும் மேடைக்கு அஹு என்று பெயர். அது வெறும் பீடம் அல்ல. பல மேடைகளுக்குள் இறந்தவர்களின் எலும்புகள் இருக்கின்றன. அடுத்தவர் வீட்டுக் கல்லறையில் கால் வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? 2008-இல் ஒரு சுற்றுலாப் பயணி நினைவுப் பொருளாக வேண்டுமென்று அனாகேனா கடற்கரையில் ஒரு சிலையின் காதை உடைத்தார். 2020-இல் ஒரு வண்டி உருண்டுபோய் ஓர் அஹுவின் மீது மோதியது. இதற்குப் பிறகும் விதிகள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

டோங்காரிக்கியில் பதினைந்து மோஆய்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. மோஆய் என்பது இந்தக் கற்சிலைகளுக்குத் தீவு மக்கள் சொல்லும் பெயர். தீவின் மற்ற மேடைகளைப் போலவே இங்கும், பிற்காலத்துச் சண்டைகளும் குழப்பங்களும் சிலைகளைக் கவிழ்த்திருந்தன. அத்துடன் துன்பம் முடியவில்லை. 1960 மே மாதம் சிலியில் ஏற்பட்ட மாபெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை, டன் கணக்கில் எடையுள்ள இந்தக் கற்களை நிலத்துக்குள் அடித்துச் சென்று சிதறடித்தது. 1990-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று தந்த கிரேனின் உதவியோடு, கிளாடியோ கிறிஸ்டினோ தலைமையிலான தொல்லியலாளர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து மறுபடியும் நிறுத்தினார்கள். அருகில் போனால் ஒவ்வொரு முகமும் வேறு. ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை. ஒருவருக்கு மட்டும் தலையில் செந்நிறக் கல் கொண்டை. அந்தச் சிவப்புக் கல்லை பூனா பாவ் என்ற வேறொரு எரிமலையிலிருந்து வெட்டி எடுத்து வந்திருக்கிறார்கள்.

டோங்காரிக்கியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ரானோ ரராக்கு. தீவின் மோஆய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எரிமலையின் சாம்பல் இறுகிய பாறையிலிருந்து பிறந்தவை. சுமார் நானூறு சிலைகள் இன்றும் இங்கேயே இருக்கின்றன. புல்சரிவில் தலை மட்டும் நீட்டி நிற்பவற்றுக்கு, மண்ணுக்கடியில் முழு உடலும் இருக்கிறது. மேலே ஏறினால் பாறையில் மல்லாந்த நிலையில் பாதி செதுக்கிய உருவங்கள். அவற்றில் ஒன்று சுமார் 21 மீட்டர் நீளம். முதுகுப் பக்கத்து இணைப்பை வெட்டினால் எழுந்துவிடும் என்ற நிலையில் வேலை நின்றுபோயிருக்கிறது. உலோகக் கருவியே இல்லாமல், கெட்டியான எரிமலைக் கல்லால் செய்த உளிகளை வைத்துச் செய்த வேலை இது. 2022 அக்டோபரில் பரவிய புல்வெளித் தீ, இந்தச் சரிவிலுள்ள பல சிலைகளைக் கருக்கிவிட்டது. வெப்பம் பட்ட கல் உள்ளுக்குள் விரிசல் விடும் என்று சொன்னபோது வழிகாட்டியின் குரல் கம்மியது.

இங்கேதான் எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்டோம்: எப்படி நகர்த்தினார்கள்? அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மோஆய்கள் நடந்து போயின என்பது தீவின் வாய்மொழி வழக்கு. டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரு தொல்லியலாளர்கள் நான்கு டன்னுக்கும் மேற்பட்ட மாதிரிச் சிலை ஒன்றைச் செய்து, கயிறு கட்டிப் பதினெட்டு பேரைக் கொண்டு இருபுறமும் மாறிமாறி இழுத்து, நின்ற நிலையிலேயே ஆடி ஆடி நகரச் செய்து காட்டினார்கள். மரச்சட்டத்தில் படுக்க வைத்து இழுத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. "எப்படி என்று எல்லோரும் கேட்கிறீர்கள். யாருக்காக என்று கேட்பவர்கள் குறைவு" என்றார் அவர். இறந்த தலைவரின் ஆற்றல், அவர்கள் மொழியில் மானா, தம் குலத்தோடு தங்கி இருப்பதற்காக எழுப்பியவை இவை. வேற்றுக் கிரகவாசிகள் வந்து செய்தார்கள் என்று எழுதுகிறவர்கள், இந்த மக்களிடமிருந்து அவர்களுடைய தாத்தாக்களைப் பறிக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அனாகேனாவில் வெள்ளை மணலும் தென்னை மரங்களும் இருக்கின்றன. முதல் அரசர் ஹோட்டு மாட்டுவா கரையிறங்கிய இடம் இது என்பது மரபு. 1978-இல் இங்கு நடந்த அகழாய்வில் ஒரு கண் கிடைத்தது. வெண்பவளத்தில் விழி, சிவப்பு எரிமலைக் கல்லில் பாவை. மேடையில் ஏற்றி நிறுத்திய பிறகே சிலைக்குக் கண் திறப்பார்கள். அப்போதுதான் அது உயிருள்ள முகம் ஆகும். ரானோ ரராக்குவின் சிலைகளுக்குக் கண்குழிகூட இல்லாததற்குக் காரணம் அதுதான். தோண்டியெடுத்த கண் இப்போது ஹங்கா ரோவாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சிறு பவளத் துண்டைப் பார்க்காமல் யாரும் தீவை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஆகிவியின் ஏழு சிலைகள் கடற்கரையிலிருந்து தள்ளி உள்நாட்டில், கடல் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கின்றன. அவற்றுக்கு முன்னாலும் ஊர் நிலமும் சடங்குத் திடலும் இருந்தன. அங்கே சற்று நேரமே நின்றோம். டியூனா மீன் வைத்த எம்பனாடாவைச் சாப்பிட்டுவிட்டு ஓரோங்கோவுக்கு ஏறினோம்.

ஓரோங்கோ, ரானோ காவ் எரிமலை வாயின் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கம் நாணல் மிதக்கும் பெரும் பள்ளம். மறுபக்கம் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை. நடுவே, தவழ்ந்து மட்டுமே நுழையக்கூடிய சிறு வாசல்களுடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்வீடுகள். மோஆய்களின் காலம் மங்கியபின் இங்கே பறவை மனிதன் வழிபாடு ஓங்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் குலத் தலைவர்கள் சார்பில் இளைஞர்கள் இந்தப் பாறையில் இறங்கி, சுறா உலவும் கடலை நீந்திக் கடந்து, மோட்டு நூயி என்ற சிறு தீவில் மனுதாரா என்ற கடற்பறவையின் முதல் முட்டைக்காகக் காத்திருப்பார்கள். முட்டையை உடையாமல் கொண்டுவந்தவனின் தலைவரே அந்த ஆண்டின் பறவை மனிதன். தலையை மழித்து, தனியிடத்தில், யாரும் தொடக்கூடாத புனிதராக வாழ்வார். பறவைத் தலையும் மனித உடலுமாகக் குந்தியிருக்கும் உருவங்களைப் பாறைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தச் சரிவை எட்டிப் பார்க்கும்போது, அதில் இறங்கிய இளைஞர்கள் மீது பெரும் மரியாதை எழுகிறது.

இந்தச் சடங்கு 1860-களில் நின்றது. 1862-இல் தொடங்கி பெருவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்கள் சுமார் 1,500 பேரைப் பிடித்துச் சென்றார்கள். உயிரோடு திரும்பிய சிலருடன் பெரியம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். 1888-இல் சிலி தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிறகு நிலம் ஆட்டுப் பண்ணையாக மாறியது. மக்கள் ஹங்கா ரோவாவுக்குள் அடைக்கப்பட்டார்கள். 1966-இல்தான் குடியுரிமை கிடைத்தது. மரங்களை வெட்டித் தாங்களே அழிந்த மக்கள் என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் தீவின் முற்கால மக்களின் மரபணுவை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், 17-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததற்கான தடயமே இல்லை. மெல்ல வளர்ந்துகொண்டிருந்த சமூகத்தை வெட்டிச் சாய்த்தது 1860-களின் கொடுமை.

அந்தக் காயம் ஆறாதிருந்த 1868-இல், ஓரோங்கோவின் ஒரு கல்வீட்டிலிருந்து ஹோவா ஹாகானநாய்ஆ என்ற மோஆயை பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஏற்றிச் சென்றது. முதுகில் பறவை மனிதர்கள் செதுக்கிய அரிய சிலை அது. இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018-இல் தீவின் பிரதிநிதிகள் நேரில் போய்த் திருப்பிக் கேட்டார்கள். இதற்கிடையில், 1870-இல் சிலிக்கு எடுத்துச் செல்லப்பட்ட தாவ் என்ற மோஆயை, சாண்டியாகோவின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2022-இல் கப்பலேற்றித் தீவுக்கே அனுப்பிவிட்டது. லண்டனில் இருப்பவரும் வீடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எங்கள் குழுவில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி இருந்தார். ஊர் போனதும் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். "எழுதுங்கள் அம்மா. உங்கள் பேரப்பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள்" என்றார் வழிகாட்டி.