மாடி ஆபீஸ் காலி பண்ணுற ஜூன்

ஜூன் 3, செவ்வாய்

மழை. கட்டடக்காரர் மறுபடியும் வந்தார். மாசக் கடைசிக்குள் சாவி வேணுமாம், கீழே போன் கடைக்காரனுக்கு மாடியும் தேவைப்படுகிறதாம். எங்கள் சட்டத்தரணி சேர் ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிறார் என்றேன். "தெரியும் தங்கச்சி, அதுனாலதான் நேரத்தோட சொல்றேன்" என்கிறார். வாடகை பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் பேசாதது பேசுவதைவிட மோசம்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு அலமாரி முடிந்தது. மூன்றாவதின் அடித்தட்டு பூராவும் எழுபதுகள். கறையான் ஏறவில்லை, பூஞ்சணம்தான். ஹட்டன் குளிரில் வேறென்ன நடக்கும்.

சேர் கறுப்புக் கோட்டுப் போட்ட நாளிலிருந்தே கிழவன் கிழவி வழக்குத்தான் என்பது இந்தத் தட்டைப் பார்த்தால் தெரியும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலை எண்ணினார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். குடும்பத்தை யாரும் எண்ணவில்லை. அப்பனுக்கு இந்திய பாஸ்போர்ட், மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னார் ரயிலில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டவர்களின் மனுக்கள் ஒரு கட்டு, பிள்ளைகள் ஏறிப் போய்த் தனியாக நின்றவர்களுடையது இன்னொரு கட்டு. 1984இல் இந்தியாவுக்குப் போகிற கப்பலும் நின்றது. மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தப் பைல்களில் பாதி மூடப்படவே இல்லை. சிலதை மூடியது மரணச் சான்றிதழ்.

எங்கே கொண்டுபோய் வைக்க? என் வீட்டில் அரிசி மூட்டைக்கே இடமில்லை.

ஜூன் 6, வெள்ளி

147ஐத் தேடினேன், அந்தத் தோட்டத்து அம்மா சொல்கிற தொழிலாளர் நம்பர். எதிலும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வார்டுக்குப் போனேன். சேருக்கு வலது கை அசையவில்லை. பேச்சு குழறுகிறது, ஆனால் புத்தி அப்படியே இருக்கிறது. என்னைக் கண்டதும் முதல் வார்த்தை "கணக்கு". மருந்துக் கணக்கு என்று நினைத்து நேர்ஸ் துண்டைத் தேடுகிறார். எனக்குத் தெரியும், அது 147 அம்மாவின் பணிக்கொடைக் கணக்கு.

சேரின் மனைவி டீச்சர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். காலில் வீக்கம். சாப்பிட்டீங்களா என்றால் "அவருக்குக் குடுத்திட்டேன்" என்று பதில். உங்களைத்தான் கேட்டேன் டீச்சர் என்று இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கனடாவிலிருந்து வீடியோ கோலில் வருகிறார்கள். ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், காசும் அனுப்புகிறார்கள். ஆள் எங்கே? நோயாளி பார்க்கத் தெரிந்த பெண்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கிக் கொழும்பில் அடுத்த வீட்டு அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுடைய அம்மாக்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

லீவு நாள் என்று 147 அம்மாவின் மகள், அந்தப் பிள்ளை, மலையிலிருந்து வந்தாள். நனைந்துபோய் நின்றவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அம்மாவைப் பக்கத்து லயக் காம்பராவில் விட்டுவிட்டு வந்தாளாம். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்க்கிறாள்.

"விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் எழும்பிருதுக்கா. கதவைத் தட்டுது. பெரட்டுக்குப் போகணும், கங்காணி பேர் போட மாட்டான்னு அழுவுது. ஒரு நாள் நான் அசந்திட்டேன். பெரட்டுக் களத்துல போயி இருட்டுல தனியா நிக்கிது. கையில கொழுந்துச் சாக்கு."

பெரட்டு என்றால் விடியக்காலம் ஆள் எண்ணி வேலை பிரிப்பது, பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. அம்மாவிடம் என் பேர் என்னம்மா என்று மகள் கேட்டால் தெரியாது. உன் நம்பர் என்ன என்றால் உடனே வரும்: நூத்தி நாப்பத்தேழு. ஓய்வு பெறும்போது செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், இருந்த நம்பர் அது இல்லை. அப்படியென்றால் அதற்கு முந்தியது. 92இல் தோட்டம் கம்பெனிக்குக் கைமாறியதற்கு முந்தியது.

ஜூன் 13, வெள்ளி

சேருக்காகக் கணக்கைத் திரும்பப் போட்டேன், பெரிய எழுத்தில்.

147 அம்மா தோட்டத்தில் பேர் பதிந்தது 1976. நின்றது 2021. முழுதாக 45 வருசம். நாட்சம்பளக்காரருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். அப்போது நாளுக்கு 1,000 ரூபாய். ஆக 630,000. கொடுத்தது 406,000. 1992இல் கம்பெனிக்குத் தோட்டம் கைமாறிய நாளிலிருந்து 29 வருசத்தை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். அதற்கு முன் அரசாங்கத் தோட்டம், பதிவேடு எங்களிடம் இல்லை என்கிறது கடிதம். அதே மலை, அதே லயம், அதே கூடை. பாக்கி 224,000.

முப்பது நாளில் கட்ட வேண்டிய காசு. ஒரு வருசம் தாண்டினால் நூற்றுக்கு 30 மேலதிகமாகக் கட்டணும். இந்த வரியைக் காட்டினதும் சேரின் இடது கை விரல் கட்டில் கம்பியில் தட்டியது. சிரிக்கிறாராம்.

ஜூன் 14, சனி

சேருக்குக் காய்ச்சல். டீச்சர் போன் எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. டீச்சர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நான் இரவு பூராவும் எதையெதையோ நினைத்துக்கொண்டு.

ஜூன் 17, செவ்வாய்

லேபர் ஒபிஸ். நல்ல மனுசன், உட்காரச் சொன்னார். ஆனால் அம்மாவின் சேமலாப நிதி (ஈ.பி.எப்) அட்டையில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பேர் வேறொன்று. தமிழ்ப் பேரைக் காதால் கேட்டுச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதின கிளார்க்மார் செய்த வேலை. மூன்றும் ஒருத்தியே என்று சத்தியக்கடதாசி கொடுக்கலாம். ஆனால் கையெழுத்து யார் வைப்பது? பெருவிரல் வைக்கலாம், வைக்கிறவருக்கு என்ன வைக்கிறோம் என்று விளங்கணும். அம்மாவுக்குப் பதிலாக மகள் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோர்ணித் தத்துவமும் இப்போது எழுத முடியாது. எழுதி வைத்திருந்தாலும் புத்தி தடுமாறினதும் அது செத்துப்போகும். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அம்மாவின் காரியங்களைப் பார்க்க மகளை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம், டொக்டர் சாட்சி, தவணை, செலவு. வரப்போகிற காசில் பாதி அதற்கே போகும்.

ஜூன் 18, புதன்

வேலை செய்யப் பிடிக்கவில்லை. ஒரு பெட்டியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.

ஜூன் 21, சனி

அந்தப் பிள்ளையின் அண்ணனைப் பராமரிப்புச் சபைக்கு இழுக்கலாமே என்று பக்கத்து ஒபிஸ் சட்டத்தரணி சொல்கிறார். இழுக்கலாம். 1999 பராமரிப்புச் சட்டம் கணவன் மனைவியையும் பிள்ளையையும்தான் பார்த்தது, பெற்றோரைப் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் அதைப் பார்த்தது. பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது, கைவிட்டால் அறுபது தாண்டிய தாய் தகப்பன் முறையிடலாம். அந்தச் சட்டம் வந்த புதிதில் சேர் தோட்டம் தோட்டமாய்ப் போய் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று இதைச் சொன்னார். பிறகு பிறகு அந்த வழக்குகளை எடுக்கவே தயங்கினார். எதிர்ப்பக்கம் நிற்கிற மகனும் செருப்பில்லாமல் நிற்கிறானே என்பார். இந்த அண்ணன் கொழும்பில் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான்.

எனக்கு வயிறெரிவது வேறு விசயம். விட்டுட்டுப் போன பிள்ளைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. விடாமல் இருக்கிறவளுக்கு? அம்மாவைப் பார்க்க வீட்டில் நின்றால் பேர் இல்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர். வேலைக்கே போகாவிட்டால் தோட்டத்தில் வேலை செய்யாத வீட்டுக்குக் காம்பரா எதற்கு என்று கேட்பார்கள். மலைக்குப் போகும் நாளில் அம்மாவை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டுகிறாள். கொழுந்து எடுக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்தேனா என்றுதான் நினைப்பாம். அவளை நினைத்து நான் கோபப்படவில்லை. பூட்டாமல் என்ன செய்வாள்.

சேர் இதைப் பற்றி எழுத ஆரம்பித்த மகஜர் நீலப் பைலில் இருக்கிறது. பார்க்கிறவருக்கு ஒரு கொடுப்பனவு, பார்க்கிற நாளுக்குச் சேமலாப நிதி, வாரத்தில் ஒரு நாளாவது அம்மாவை விட்டு வர ஓரிடம். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பரா இருக்கிறது, பிள்ளை குறைந்து பாதி காலியாய்க் கிடக்கிறது, அதையே தா என்கிறார். இரண்டரைப் பக்கம். மூன்றாம் பக்கம் வசனத்தின் நடுவில் நிற்கிறது. இலவசமாக எத்தனை வழக்கு, இதை முடிக்க மட்டும் நேரமில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, வார்டில் கிடக்கிற மனுசன்மேல்.

ஜூன் 24, செவ்வாய்

சேர் வீட்டுக்கு வந்துவிட்டார். படியில் ஏற்ற நாலு பேர். டீச்சருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீலப் பைலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொல்ல நான் எழுத வேணுமாம். ஒரு வசனத்துக்கு ஒரு மணித்தியாலம் ஆனது. "பராமரிப்பவர்" என்ற இடத்தில் நிறுத்தி டீச்சரை ஜாடையாய்க் காட்டினார். டீச்சர் "என்னையப் போடாதீங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

திரீவீலில் கடைசிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையின் போன். தகரப் பெட்டி அடியில் தோட்டத்து டிஸ்பென்சரி கார்டு ஒன்று கிடந்ததாம், 1984, அவள் பிறந்தபோது பிரசவக் காசு வாங்கினது. அம்மாவின் நம்பரும் எழுதியிருக்கிறதாம். "ஆனா அக்கா, நூத்தி எழுபத்தி நாலு மாதிரியும் தெரியுது. மை ஊறிப் போயிருக்கு." போட்டோ அனுப்பாதே, மழையில் வெறுமனே கொண்டும் வராதே, பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் பஸ்ஸில் நாளைக்கு வா, ஒரிஜினல்தான் வேணும் என்றேன். அம்மாவை யாரிடம் விடுவது என்கிறாள். கூட்டிக்கிட்டு வா என்று சொல்லிவிட்டேன். எங்கே உட்கார வைக்கப் போகிறேன், கதிரைகள் எல்லாம் போய்விட்டனவே.