திரி வாளியில் கீரை: வாரநாளில் தண்ணீர் ஊற்றாத தாழ்வாரத் தோட்டம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய காலை ஏழுக்கு விடிந்து மாலை ஏழுக்கு இருட்டிவிடுகிறது. 1982 சனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து இப்படித்தான். எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நிற்க வேண்டியவர் தன் செடியை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஆசையாகத் தொட்டி வைக்கும் இளம் ஊழியர்கள் இரண்டே மாதத்தில் கைவிடுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை. தண்ணீர்தான். ஓவர்டைம் இழுத்த ஒரு வாரம் போதும், கீரை காய்ந்துவிடும். வேலை முடிந்து வந்தவருக்குத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வேலை ஆகிவிட்டால் அது பொழுதுபோக்கே இல்லை. அதனால் ஐந்து நாள் ஆள் இல்லாமல் தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வாளி ஒன்றைச் செய்து, அதில் கீரை போட்டுப் பார்த்த விவரம் இது.

அடிப்படை எளிது. கீழே தண்ணீர், மேலே மண், இடையில் திரி. விளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல் தண்ணீர் மண்ணுக்கு ஏறும். மண்ணின் மேல்மட்டம் வரை ஏற வேண்டிய உயரம் 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் விதை கிடக்கும் இடம் எப்போதும் வறண்டே இருக்கும்.

வெளி வாளி 10 லிட்டர், வாய் அகலம் 27 செ.மீ. அளவு. உள்தொட்டியின் விளிம்பு வாளியின் விளிம்பில் உட்கார வேண்டும், ஆழம் 16 செ.மீ. இருந்தால் அடியில் 8 செ.மீ. இடைவெளி கிடைக்கும். வாளியின் பக்கவாட்டில், அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் 6 மி.மீ. துளை ஒன்று. அதுதான் வழிந்தோடும் வழி. அதற்கு மேல் தண்ணீர் நிற்காது என்பதால் தொட்டியின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 2 செ.மீ. காற்று எப்போதும் இருக்கும். இந்த 2 செ.மீ.யை விட்டுவிட்டால் வேர் மூழ்கி அழுகும். இந்த அளவில் சேமிப்பு 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதி வெயில் படும் இடத்தில் ஒரு வாளிக் கீரை நாளுக்குச் சுமார் 400 மி.லி. குடிக்கிறது, ஆகவே ஞாயிறு இரவு நிரப்பினால் வெள்ளிக்கிழமை மாலை வரை ஓடும். முழு வெயிலில் இது மூன்று நாளைத் தாண்டாது. அங்கே வைப்பதானால் பெரிய வாளி தேவை.

திரியில்தான் பலர் சறுக்குவார்கள். பருத்திக் கயிறு நன்றாக உறிஞ்சும், ஆனால் ஈரத்திலேயே கிடந்து சில மாதங்களில் இற்றுப்போகும். மினுமினுப்பான நைலான் கயிறு இற்காது, உறிஞ்சவும் செய்யாது. தரை துடைக்கும் மாப்பின் பாலியெஸ்டர் இழைகள் இரண்டுக்கும் நடுவில் நல்ல தேர்வு. புது இழையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும் என்பதால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுநீரில் ஊறவைத்து அலச வேண்டும். பிறகு 15 செ.மீ. துண்டைத் தொங்கவிட்டு நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பார்க்கவும். அரை மணிக்குள் மேல்நுனி ஈரமாகாவிட்டால் அந்த இழை வேண்டாம். ஒரு வாளிக்கு 8 மி.மீ. தடிமனில் மூன்று திரிகள், ஒவ்வொன்றும் 22 செ.மீ. நீளம். கீழ்ப்பாதி வாளியின் அடியைத் தொட வேண்டும். மேல்பாதியைப் பிரித்து மண்ணுக்குள் விசிறியாக விரித்துவிட வேண்டும். கட்டையாக நிறுத்தினால் அதைச் சுற்றியுள்ள மண் மட்டும் ஈரமாகும்.

மண் கலவை: தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மட்கிய உரம் 2 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைப் பொரிகல்) 1 பங்கு. எல்லாம் கன அளவில்தான், எடையில் இல்லை. 650 கிராம் நார்த்தூள் கட்டி ஊறினால் சுமார் 8 லிட்டர் வரும். ஊறிய தூளை இரண்டு முறை அலசிப் பிழிந்தால் உப்பு போகும். பூங்கா மண்ணோ களிமண்ணோ கலந்தால் திரியின் வேலை கெட்டுவிடும்: மண் இறுகும், காற்று போகாது, அடி சதா சொதசொதவென்று கிடக்கும்.

இனிமேல் சொல்வதைத் தவறவிடவே கூடாது. மூடாத தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு நாள் போதும், நாம் வாளியைப் பார்க்காமல் விடும் காலமும் கிட்டத்தட்ட அதுவே. வழிந்தோடும் துளைக்கு மேல் 1 மி.மீ.க்கும் நுண்ணிய வலையைப் பசையால் ஒட்ட வேண்டும். இரு விளிம்புகளும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் பழைய நைலான் காலுறையை வெட்டிச் சுற்றி இறுக்க வேண்டும். வாளிக்குத் தண்ணீர் ஊற்ற உள்தொட்டி வழியாகக் கீழே இறக்கும் 25 மி.மீ. பிவிசி குழாய்க்கு மூடி கட்டாயம். இத்தனையும் செய்த பிறகும் மாதம் ஒருமுறை உள்தொட்டியைத் தூக்கி, வாளியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ என்ற நுண்ணுயிர்த் துகள்களை மாதந்தோறும் போடுவது கூடுதல் காப்பு. வாளிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று தெரிய ஒரு மிதவை வேண்டும். சாத்தே குச்சியின் அடியில் கார்க் துண்டைச் செருகிக் குழாய்க்குள் விட்டால் ஆயிற்று. மூடியில் குச்சி நுழையுமளவு மட்டும் ஓட்டை. வாளி காலியாக இருக்கும்போது குச்சி நிற்கும் உயரத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டுவிட்டால், கதவைப் பூட்டிக்கொண்டே ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மூங்கில் என்பதால் குச்சி கறுத்துப்போகும், அவ்வப்போது மாற்றலாம்.

இடம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும், தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓடும் பாதை அது. கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்கக்கூடாது. தரையில் வைத்தால் அந்தச் சுவரின் நிழலே விழும், ஆகவே சுவரை ஒட்டி உள்பக்கமாக உறுதியான தாங்கி போட்டு, தொட்டியின் விளிம்பு சுவரின் உச்சிக்குக் கீழேயே நிற்கும்படி உயர்த்துவது நல்லது. செடிக்கு வெளிச்சம் கிடைக்கும், வாளி வெளியே விழவும் வழியில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால் சூரியன் பக்கம் மாறும். தெற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை நேர் வெயில், வடக்குப் பார்த்ததற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் நன்றாக விளைந்த இடத்தில் சூன் மாதம் கீரை வெளுத்து நீண்டு சாய்வதற்குக் காரணம் உரம் அல்ல, இதுதான். கிழக்கும் மேற்கும் பார்த்த தாழ்வாரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி விதைப்பு. சிவப்புத் தண்டுக்கீரை விதையை ஒரு சிட்டிகை எடுத்து, நான்கு மடங்கு மணலோடு கலந்து வெள்ளி இரவு தூவினால் வசதி. முதல் இரண்டு நாளும் வீட்டில் இருப்போம், மேல்மண்ணை நாளுக்கு இரு முறை தெளிப்பானால் நனைக்கலாம். திரி என்னதான் வேலை செய்தாலும் மேல் அரை செ.மீ. மண் முளைப்புக்குப் போதுமான ஈரத்தோடு நிற்பதில்லை. தொடக்கத்தில் மண் முழுவதையும் மேலிருந்து ஒருமுறை நன்றாக நனைத்தே ஆக வேண்டும், காய்ந்த நார்த்தூள் தண்ணீரைத் தள்ளிவிடும். எறும்பு விதையைத் தூக்கிப்போவது சகஜம், மெல்லிய மணல் போர்வை அதைத் தடுக்கும்.

திங்கள், செவ்வாயில் சிவப்புப் புள்ளிகளாக முளை தெரியும். பத்தாம் நாள் வாக்கில் ஓர் ஆபத்து உண்டு: நாற்றின் தண்டு மண் மட்டத்தில் நூலாக மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே படுத்துவிடும். மண்ணில் உள்ள பூஞ்சைகளால் வரும் நாற்றழுகல் இது. ஓயாத ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் வரும். விதையிலைக்குப் பிறகு உண்மையிலை இரண்டு வரும்வரை சேமிப்பை முழுதாக நிரப்பாமல், 2 செ.மீ. அளவே வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நெருக்கத்தைக் குறைத்து 5 செ.மீ. இடைவெளி விடவும். பிடுங்கிய குருத்துகள் பருப்பில் போட அருமையாக இருக்கும்.

நாலாவது வாரம் 20 செ.மீ. உயரம். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும், மூன்றாம் வெட்டுக்குப் பிறகு தண்டு நாராகிவிடும். மெல்லக் கரையும் மணியுரம் போடுவோர் கவனிக்க: உறையில் எழுதியுள்ள மாதக் கணக்கு பெரும்பாலும் 21 பாகை வெப்பத்துக்கு. நம் 28 முதல் 32 பாகைக்குச் சீக்கிரமே கரைந்துவிடும், அதனால் எழுதிய அளவில் பாதியைப் போட்டு, பிறகு மறுபாதி. மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது உப்பு. தண்ணீர் எப்போதும் கீழிருந்தே ஏறுவதால் உப்பு மேலே தங்கிவிடுகிறது. மாதம் ஒரு நாள் உள்தொட்டியைக் குளியலறையில் வைத்து 3 லிட்டர் தண்ணீர் மேலிருந்து ஊற்றிக் கழுவினால் சரியாகும். வாளி கழுவும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.

எல்லாச் செடியும் இதற்கு ஒத்துவராது. கங்குங் கீரை மிகப் பொருத்தம்: தேக்கா சந்தையில் வாங்கிய கட்டில் இலையைச் சமைத்துவிட்டு, கணுவோடு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். கொடிப்பசலை நிழலையும் பொறுக்கும். வெந்தயம் இந்த ஈரத்தில் சீக்கிரம் அழுகுகிறது, ஆழமில்லாத தட்டில் தனியாகப் போடுவதே மேல். கறிவேப்பிலையைத் திரி வாளியில் வைக்கவே வேண்டாம். இரு நீர்ப்பாய்ச்சலுக்கு நடுவே மண் சற்றுக் காய்வதைத்தான் அது விரும்பும், வாரம் இரண்டு முறை கையால் ஊற்றினால் போதும். அதன் இலையில் பறவை எச்சம் போல ஒரு புழு தெரிந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டியாக இருக்கலாம். வளர்ந்தால் பச்சையாகிவிடும். ஒன்றிரண்டு என்றால் விட்டுவைக்கலாம், செடி தாங்கும்.

தாழ்வாரத்தில் மழை படாததால் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் சுலபமாகப் பெருகும். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரத் திரவம் கலந்து, இருட்டிய பின் இலையின் அடிப்பக்கத்தில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

தீபாவளி, பொங்கல் விடுப்பில் ஊருக்குப் போகும் நாள்களுக்கு 1.5 லிட்டர் போத்தலைக் கவிழ்த்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. போத்தல் மூடியில் ஒரு குழாயைக் காற்றுப் புகாமல் ஒட்டி, அதன் முனை வாளியில் 5 செ.மீ. நீர்மட்டத்தில் நிற்கும்படி ஊற்றுக்குழாய்க்குள் இறக்க வேண்டும். தண்ணீர் குறைந்து முனை வெளிப்பட்டால் காற்று உள்ளே போகும், தண்ணீர் இறங்கும். முனை மூழ்கியதும் நிற்கும். குழாயின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறைந்தால் குமிழி மேலே ஏறாமல் அடைத்துக்கொள்ளும். வெயில் பட்டால் போத்தலுக்குள் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளிவிடும், துளை வழியாக எல்லாம் வீணாகும். ஆகவே போத்தலுக்கு வெள்ளைத் துணி சுற்றி, தாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பாதி வெயிலில் இது மூன்றரை நாளைக் கூட்டித் தரும். புறப்படுமுன் கீரையை ஒட்ட வெட்டிவிட்டால் இலை குறைந்து குடிப்பதும் குறையும், இன்னும் சில நாள் கிடைக்கும்.